முத்துவின் குருவியும் ராகலைக் கானும்

நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குள் ஒரு கான் ஓடுகிறது. கலங்கலான தண்ணீர், மழை விட்டுப் பல நாளானால் கொஞ்சம் நாற்றமும் அடிக்கும். ஜனவரி மாதம் விடிந்தும் விடியாத நேரத்தில் போனால், கழுத்தில் தொலைநோக்கி தொங்க, எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்தவர்கள் அந்தக் கானையே முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். பூப் பார்க்க வந்த நம்மூர்க் குடும்பங்கள் இவர்களை வேடிக்கை பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விடும்.

அவர்கள் தேடுவது 13 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு குருவியை. முதுகு சாம்பல், தொண்டையும் மார்பும் செங்கல் சிவப்பு, அந்தச் சிவப்புக்குக் கரை கட்டினாற்போல ஒரு கறுப்புக் கோடு. இது ஆண். பெண் குருவி மங்கல் நிறம்; புதரோடு புதராகக் கரைந்துவிடும். வாலைச் சட்டென்று நிமிர்த்தும்போது அடிவாலின் இரு பக்கமும் வெள்ளை பளிச்சிடும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று பெயர். ஈயும் பூச்சியும் அழுக்குத் தண்ணீரோரம்தான் மொய்க்கும் என்பதால், மணக்கும் ரோஜாப் பாத்தியை விட்டுவிட்டு இந்தக் கானைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காஷ்மீரிலும் அதை அடுத்த இமயமலைக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கும்போது தெற்கே கிளம்புகிறது. ஸ்ரீநகருக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் 27 பாகை அகலக்கோடு. நேர்கோட்டில் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர். இந்தச் சாதிச் சிறு பறவைகள் பொதுவாக இரவில்தான் பறக்கும். காற்று அமைதியாக இருக்கும், உடம்பு சூடேறாது, வல்லூறுக்கும் பயப்பட வேண்டியதில்லை. பகலில் இறங்கித் தின்று, தின்றதைக் கொழுப்பாக மாற்றிக்கொண்டு மறுபடி கிளம்பும். கடைசியில் வந்து சேரும் இடம் நீலகிரி போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைகளும் நம் மலையகமும். உலகம் முழுவதும் சேர்த்தே சில ஆயிரங்கள்தான் இருக்கும் என்பது மதிப்பீடு. அதனால் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. கானோரத்துக் கூட்டத்துக்கும் அதுதான் காரணம்.

அந்தக் குருவியின் படத்தைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு கந்தப்பளை வழியாக ராகலைக்குப் பஸ் ஏறினேன். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஒடுக்கப் பாதையில் ஒரு குட்டி ரயிலே ஓடியதாம். இப்போது வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்கும் பஸ்தான். படத்தைப் பெரியம்மாவிடம் காட்டினேன். கூடை இறக்கிப் பல வருஷம் ஆன கை. கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு பார்த்தார்.

“இதுவா? ஐப்பசி மழைக்கு வரும். பங்குனி பொறந்தா காணாது. நம்ம லயத்துக்குப் பின்னால கான்ல நிக்குமே, நீ பாத்ததில்லையா?”

“வாலாட்டிக் குருவியா இருக்கும் பெரியம்மா. அதுவும் மாரியிலதான் வருது, கான்லதான் நிக்குது.”

“வாலாட்டி எனக்குத் தெரியாதாக்கும். அது மஞ்ச வயிறு, தரையில ஓடும். இது புதருக்குள்ள செங்கழுத்தைக் காட்டிக்கிட்டு நிக்கும்.”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. சாம்பல் வாலாட்டியையும் ஈப்பிடிப்பானையும் பிரிக்கச் சொன்னால் பறவை நூல்கள் சொல்லித்தரும் அதே அடையாளங்கள்: எங்கே நிற்கிறது, எப்படி நகர்கிறது, எங்கே நிறம் விழுகிறது. காலத்தையும் அவர் சரியாகச் சொல்லிவிட்டார். ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை என்பது நூல் கணக்கு.

இந்தச் செய்தி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. பறவை ஆர்வலர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் ‘இபேர்ட்’ என்ற இணையத் தளம் 2002இல் தொடங்கியது. அதில் மலையகத்தின் வரைபடத்தைத் திறந்தால் விக்டோரியா பூங்கா, ஹக்கலைப் பூங்கா, ஹோட்டன் சமவெளி ஆகிய இடங்களில் பதிவுகள் குவிந்து கிடக்கும். இடையில் உள்ள தேயிலை மலைகளுக்கு வந்தால் ஐதாகிவிடும். பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? பறவை பூங்காவில்தான் இருக்கிறது, தேயிலையில் இல்லை என்று தோன்றும். உண்மையில் அந்தப் படம் பறவை இருக்கும் இடத்தை மட்டும் காட்டவில்லை. தொலைநோக்கி போன இடத்தையும் சேர்த்தே காட்டுகிறது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் மாரியில் தங்கும் இடங்களாக நூல்கள் சொல்லுவதில் காட்டோரமும் தோட்டங்களும் தேயிலை மலைகளும் உண்டு. ராகலையைச் சுற்றி அதற்கு ஏற்ற இடம் எவ்வளவோ இருக்கிறது: கந்தப்பளை–சீதா எலிய ஒதுக்குக் காட்டின் ஓரங்கள், தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரங்கள், பள்ளத்தில் ஓடையை ஒட்டி வெட்டாமல் விட்ட புதர்ப் பட்டைகள்.

வெற்றிடத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ‘தேடினோம், இல்லை’ என்பது ஒன்று. ‘யாரும் தேடவே இல்லை’ என்பது இன்னொன்று. படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். பொதுமக்களைக் கூட்டிச் செய்யும் பறவைக் கணக்கெடுப்புகளின் விஞ்ஞானமெல்லாம் இந்த இரண்டையும் பிரிப்பதில்தான் இருக்கிறது.

இதைத் தோட்டத்துக்காரர்களுக்கு விளக்குவது மிக இலகு. நிறுவைக்கு வருகிறார்கள், ஒருத்தியின் கொழுந்து 18 கிலோ, இன்னொருத்தியுடையது 9. யார் கெட்டிக்காரி? கணக்கப்பிள்ளை உடனே பதில் சொல்லமாட்டார். 9 கிலோக்காரி காலையில் ஆள் எடுக்கும் பிரட்டுக்கு வந்ததே பிந்தியா? அவளுக்குக் கிடைத்தது கவ்வாத்து முடிந்து இன்னும் சரியாகத் துளிர்க்காத மலையா? அவள் எத்தனை மணி நேரம், எந்த நிரையில் நின்றாள் என்று தெரியாமல் கிலோவை மட்டும் வைத்துப் பேசுவது நியாயமில்லை. குருவிக் கணக்கும் அப்படித்தான். ‘5 குருவி பார்த்தேன்’ என்பது செய்தியே இல்லை. 15 நிமிஷத்தில் பார்த்தாயா, நாள் முழுக்கவா? ஓரிடத்தில் நின்றா, 2 கிலோமீற்றர் நடந்தா? எத்தனை பேர் பார்த்தீர்கள்? இவை சேர்ந்தால்தான் ராகலைக் கணக்கை ஹட்டன் கணக்கோடும், இந்த வருஷத்துக் கணக்கைப் பத்து வருஷத்துக்கு முந்திய கணக்கோடும் ஒப்பிடலாம்.

இன்னொரு விதி உண்டு. கேட்பவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும். கண்ட எல்லாவற்றையும் எழுதவேண்டும்; காகம், மைனா, கொண்டைக்குருவி ஒன்றையும் விடக்கூடாது. அபூர்வமானதை மட்டும் எழுதுவது மனித சுபாவம். ஆனால் காகத்தை எழுதாத பட்டியலில் ஈப்பிடிப்பான் இல்லையென்றால் அதற்கு அர்த்தம் கிடையாது. எழுதியவர் எதை விட்டார், எதைக் காணவில்லை என்று யாருக்குத் தெரியும்? காகம் முதல் கரிக்குருவி வரை எழுதிய பட்டியலில் ஈப்பிடிப்பான் இல்லையென்றால், அந்த 15 நிமிஷத்தில் அது அங்கே கண்ணில் படவில்லை என்பது உறுதி. அதுவும் ஒரு பதிவு.

கண்ணில் படவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. புதருக்குள் ஒளிகிற குருவி அது. கானோரம் அது தங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு காலை நின்று பார்த்தால் கண்ணில் படும் வாய்ப்பு பத்துக்கு மூன்று என்போம். மூன்று காலைகள் தொடர்ந்து பார்த்தும் தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 34. இவ்வளவு இருந்தால் ‘இல்லை’ என்று யாரும் சொல்ல முடியாது. பத்துக் காலை பார்த்தும் தவறவிடும் வாய்ப்போ நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அப்போது ‘அநேகமாக இல்லை’ என்று துணிந்து சொல்லலாம். அதாவது பெரிய நிபுணர் ஒரு தடவை வந்து பார்த்துப் போவதைவிட, சுமாராகத் தெரிந்த ஒருவர் அதே இடத்தில் பத்துத் தடவை பார்ப்பது பல சமயங்களில் பெறுமதியானது. தினமும் அதே மலைக்கு ஏறி இறங்குகிறவர்களைவிட இதற்குப் பொருத்தமானவர்கள் யார்?

இந்தக் கணக்கெடுப்பு வழக்கம் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் கிறிஸ்மஸ் நாளில் துப்பாக்கியோடு போய் யார் அதிகம் சுடுகிறார்கள் என்று போட்டி வைக்கும் பழக்கம் இருந்தது. சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்று பிராங்க் சாப்மன் 1900இல் அழைப்பு விடுத்தார். 27 பேர் கூடினார்கள். அது இன்றும் நடக்கிறது. ஆசியாவில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இலங்கையில் சிலோன் பேர்ட் கிளப் அதை முன்னின்று செய்துவருகிறது. ஏன் ஜனவரி என்றால், வலசை வந்தவை அப்போதுதான் ஓரிடத்தில் ஒழுங்காக இருக்கும். ஒரே காலத்தில் எல்லாக் குளத்திலும் எண்ணினால் இங்கே எண்ணிய கூட்டத்தை அங்கே மறுபடி எண்ணும் பிழையும் குறையும். பெப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க ஒரு கொல்லைப்புறப் பறவைக் கணக்கு நடக்கும். குறைந்தது 15 நிமிஷம் போதும். வீட்டு வாசலில் இருந்தே செய்யலாம். உலக வலசைப் பறவை நாள் மே, ஒக்டோபர் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமைகளில் வருகிறது. மே மாதத்தில் நம் மலையில் கொண்டாட்டம் வைத்தால் விருந்தாளி ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். ஒக்டோபர்தான் நமக்குச் சரி.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது தமிழ்நாட்டில் 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் அவரவர் ஊரில், அவரவர் வயலில், குளக்கரையில் நின்று எண்ணுவது. லீவு நாள், பிள்ளைகள் வீட்டில், வலசைப் பறவைகளும் ஊரில். இதைவிட நல்ல தேதியை யார் பார்த்துச் சொல்ல முடியும்? தைப்பொங்கலுக்கு ராகலையிலும் லயத்துக்கு லயம் கோலம் விழும். கொழும்பில் வேலை பார்க்கும் பொடியன்கள் கைத்தொலைபேசியோடு ஊர் வந்து சேருவார்கள். ஆனால் மலையகத்தில் பறவை நடை என்றால் பெரும்பாலும் வாகனத்தில் வந்து வாகனத்தில் போகிறவர்களின் நடையாகவும், ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நடக்கும் நடையாகவும்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் துவைத்து, ரவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி, பிள்ளைக்குப் பேன் பார்க்கும் பெண்ணை நோக்கி யாரும் அழைப்பு அனுப்புவதில்லை. இது சதி என்று சொல்லமாட்டேன். யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாமல் போவதற்கும் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி என்று ஒரு பறவை. மலையகத்துக் காட்டு ஓடைகளில் மட்டும் வாழ்வது, உலகில் வேறெங்கும் இல்லாதது. 1872இல் அதற்கு இட்ட விஞ்ஞானப் பெயரில் ‘பிளை’ என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயர் இருக்கிறது. கோப்பிக் காலத்துத் துரைமார் சிலர் நல்ல கண்ணுள்ளவர்கள், அதை மறுக்கவேண்டியதில்லை. காட்டுக்குள் அவர்களுக்கு முன்னால் கத்தியோடு வழி வெட்டிப் போனவர்களின் பெயர் மட்டும் எந்தப் பறவைக்கும் வரவில்லை என்று நினைத்திருந்தேன்.

ஒரு பறவைக்கு வந்திருக்கிறது. எட்கார் லேயார்ட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் அரச சேவையில் இருந்தவர். பறவை சேகரிப்பதில் வெறி. அவரிடம் முத்து என்று ஒரு வேலைக்காரர் இருந்தார். சமைப்பார், கூடவே பறவைகளையும் கண்டுபிடித்துக் கொண்டுவருவார். அப்படி முத்து கொண்டுவந்த ஒரு பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானுக்கு லேயார்ட் 1854இல் பெயர் வைத்தார்: ‘முட்டுயி’. முத்துவுடையது என்று அர்த்தம். இன்று அதன் முழுப் பெயர் மஸ்கிகாபா முட்டுயி. வடகிழக்கு இந்தியா, மியன்மார், தென்சீனப் பக்கம் குஞ்சு பொரித்து, மாரிக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் வரும் பறவை. இங்கிலாந்தில் இருந்தாலும் ஜப்பானில் இருந்தாலும் அந்தக் குருவியைப் பற்றி எழுதும் எவரும் ஒரு தமிழ்ச் சமையல்காரரின் பெயரை எழுதாமல் தாண்ட முடியாது. (ஆங்கிலத்தில் சிலர் அதையே ‘லேயார்டின் ஈப்பிடிப்பான்’ என்கிறார்கள். என்னவோ, விஞ்ஞானப் பெயரை மாற்ற அவர்களால் முடியாது.)

பெயர் வைக்காவிட்டாலும் பார்த்தவர்கள் பார்த்தபடியே இருந்தார்கள் என்பதற்குப் பறவைகளின் தமிழ்ப் பெயர்களே சாட்சி. ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா பூங்காவில் வெளிநாட்டார் தேடும் இன்னொரு வலசைப் பறவை அது. பல வண்ணம் பூசிக்கொண்டு தரையில் சருகைக் கிளறும். காலையும் மாலையும் வெளிச்சம் மாறும் வேளையில் குரல் கொடுக்கும். யாரோ ஒருவர் ஒரு நாள் அல்ல, பல நாள் கேட்டு, நேரத்தோடு பொருத்திப் பார்த்துத்தானே அந்தப் பெயரை வைத்திருக்க முடியும்? அந்தப் பெயருக்குள் ஒரு கணக்கெடுப்பே அடங்கியிருக்கிறது.

குருவியோடு நிற்கும் விஷயமாக இருந்தால் இதை ஒரு பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் தோட்டத்தார் கண்ணில் படுவது குருவி மட்டுமல்ல, புலியும்தான். தோட்டத்தில் ‘புலி’ என்றால் சிறுத்தை. வரிப்புலி இந்தத் தீவில் கிடையாது. இலங்கைச் சிறுத்தை தனித் துணையினம். 2020இல் வெளியான உலக மதிப்பீட்டின்படி வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு. மலையகத்தில் அவற்றின் பெரிய எமன் துப்பாக்கியல்ல, சுருக்குக் கம்பி. காட்டுப்பன்றிக்கென்று பிரேக் வயரில் கட்டி வைத்தது, அந்த வழியாக எது போனாலும் இறுக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம், லக்சபான தோட்டத்தில் அப்படி அகப்பட்டது ஒரு கருஞ்சிறுத்தை. வேறு இனமல்ல, நிறத்தை ஆளும் ஒரு மரபணுவின் மாற்று வடிவம் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்து சேர்ந்தால் சிறுத்தை கறுப்பாகப் பிறக்கும். அருகில் வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்புக்குள்ளும் புள்ளிகள் தெரியும். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் செத்தது. கம்பியிலிருந்து விடுவித்த பிறகும் விலங்குகள் சாவதற்குக் காரணம் உண்டு: திமிறித் திமிறித் தசை நார்கள் சிதைகின்றன, சிதைவில் வெளிப்படும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். வெளியே காயம் சின்னதாகத் தெரியும்; உள்ளே வேலை முடிந்திருக்கும்.

கம்பி எங்கே கட்டியிருக்கிறது, எந்தக் கானில் காலடி விழுந்தது, எந்தப் பள்ளத்தில் குட்டி கிடக்கிறது என்று முதலில் அறிகிறவர்கள் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள்தான். தமிழ்நாட்டு வால்பாறையில் யானை விஷயத்தில் இந்த அறிவைப் பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். அதுவும் நம்முடையதைப் போலத் தேயிலை மலைதான், லயங்கள்தான். யானை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்ற தகவலை மக்களிடமிருந்தே வாங்கி, உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, குறுஞ்செய்தியில் அனுப்பி, தூரத்திலிருந்தே தெரியும்படி சிவப்பு விளக்கும் எரியவிட்டார்கள். அந்தப் பணிக்காக ஆனந்த குமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. எல்லாத் தகவலையும் ஊருக்குச் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குருவி நிற்கும் கானைச் சொல்லலாம். சிறுத்தைக் குட்டி கிடக்கும் பள்ளத்தை முகநூலில் போட்டால் கம்பிக்காரனுக்கு முகவரி கொடுத்ததாகிவிடும்.

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். செக்ரோல் பதிவேட்டில் பேர் விழாவிட்டால் அன்று மலைக்குப் போனதற்கே அடையாளம் இல்லை.

தைப்பொங்கல் அன்று காலை பொங்கிப் படைத்த பிறகு, பெரியம்மாவும் அவர் பேத்தியும் நானும் லயத்துக்குப் பின்னால் கானோரம் நின்றோம். பனி இன்னும் முழுதாய் விலகவில்லை. 6.50இலிருந்து 7.05 வரை. பேத்தி கொப்பியில் எழுதினாள்: காகம் 7, மைனா 4, கொண்டைக்குருவி 3, வாலாட்டி 1, வெள்ளைக்கண்ணி ஒரு கூட்டம். கூட்டம் என்று எழுதக்கூடாது, எண்ணு என்றேன். மூன்று தரம் எண்ணி மூன்று விடை வந்து, கடைசியில் 11 என்று ஒத்துக்கொண்டோம். செங்கழுத்துக்காரன் வரவில்லை. பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இன்றைக்கு என்னமோ வரவில்லை, நேற்று வந்தது, அதை எழுது என்றார். நேற்று எழுதவில்லையே, இன்று காணவில்லை என்றுதான் எழுதவேண்டும், அதுவும் கணக்குத்தான், நாளைக்கும் நிற்போம் என்று சொன்னேன். அவ்வளவாக நம்பவில்லை. பொங்கல் பானையைக் கழுவப் போனவர் பாதி வழியில் திரும்பிப் பேத்தியிடம் கேட்டார்:

“எனக்குப் பேர் போட்டியா?”